பைக்குள் அடங்கும் துப்பாக்கி

கடற்கரைச் சாலை, பழைய பள்ளிக்கூடம், பென்ஷன் கணக்கு என்று எழுதிவந்தவன் இந்த வாரம் துப்பாக்கி பற்றி எழுதுகிறேன். இந்த வயசில் இவருக்கு ஏன் இந்த வேலை என்று நினைப்பீர்கள். காரணம் இருக்கிறது.

என் மனைவியின் தம்பி அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் இருப்பவர். அந்நாட்டுக் குடியுரிமை பெற்றவர். வயது 68. தினமும் கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போகும்படி ஒரு மிகச் சிறிய பிஸ்டல் வாங்கப் போவதாகத் தொலைபேசியில் சொன்னார். "மாமா, நீங்க ஆயுத லைசென்ஸ் செக்‌ஷன்ல இருந்தவர். இருக்கறதிலேயே சின்னதா எது வாங்கலாம், சொல்லுங்க" என்றார். அவருடைய தெருவில் அவிழ்த்துவிட்ட நாய்கள் நடமாட்டம் அதிகமாம். தெரிந்தவர் ஒருவரைப் பெட்ரோல் பங்க்கில் வைத்து மிரட்டிப் பணம் பறித்திருக்கிறார்கள். பயப்பட அவருக்கு நியாயம் இல்லாமல் இல்லை.

அவருக்கு நான் சொன்ன பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். நம் வாசகர்களில் பாதிப் பேருக்குப் பிள்ளைகளோ தம்பி தங்கைகளோ வெளிநாட்டில் இருக்கிறார்கள். நாளைக்கு இதே கேள்வி உங்கள் தொலைபேசிக்கும் வரலாம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தினமும் கூடவே வைத்துக்கொள்ளும் துப்பாக்கியை, அதைச் சுட வேண்டிவரும் ஒரு நாளை நினைத்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. அப்படி ஒரு நாள் பெரும்பாலானவர்களுக்கு வருவதே இல்லை. சுடாமல் சுமக்கும் மற்ற 364 நாட்களை நினைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த 364 நாளும் ஒழுங்காக வைத்திருக்க முடியாது என்று தோன்றினால் வாங்காமல் இருப்பதே மேல்.

நம் ஊர்க்காரர்களுக்கு வியப்பாக இருக்கும் ஒரு சங்கதி. டெக்சாஸ் மாநிலத்தில் 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிரம்பியவர், சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தகுதி உள்ளவர் என்றால், லைசென்ஸ் இல்லாமலேயே கைத்துப்பாக்கியை உடன் எடுத்துச் செல்லலாம். கடையில் 4473 என்ற எண்ணுள்ள படிவத்தை நிரப்ப வேண்டும். குற்றப் பின்னணி உண்டா என்று கடைக்காரர் அரசாங்கப் பதிவேட்டில் கேட்பார். 1998 முதல் இருக்கும் ஏற்பாடு அது. பெரும்பாலும் சில நிமிடங்களில் பதில் வந்துவிடும். நான் வேலை பார்த்த காலத்தில் ஒரு விண்ணப்பம் காவல் நிலையத்துக்குப் போய், அங்கிருந்து மேலே போய், குறிப்புகளோடு திரும்பி என் மேசைக்கு வருவதற்குள் மனுதாரர் தான் என்ன கேட்டோம் என்பதையே மறந்திருப்பார். அந்தத் தாமதத்தை நான் புகழவில்லை. ஆனால் தாமதத்தில் ஒரு நன்மை இருந்தது. எனக்கு இது உண்மையிலேயே வேண்டுமா என்று யோசிக்க ஆளுக்கு அவகாசம் கிடைத்தது. அங்கே அந்த யோசனையை வாங்குகிறவர் தானாகவே செய்துகொள்ள வேண்டும்.

பைக்குள் அடங்கும் துப்பாக்கி புதிய கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா நகரத்துத் துப்பாக்கிக் கைவினைஞர் ஹென்றி டெரிஞ்சர் செய்த சிறு கைத்துப்பாக்கிகள் அந்தக் காலத்திலேயே பிரபலம். 1865 ஏப்ரல் 14 அன்று நாடக அரங்கில் ஜனாதிபதி லிங்கனைச் சுட்டது அந்த வகைத் துப்பாக்கிதான். உள்ளங்கையில் மறையும் பொருள் என்பதால் யார் கண்ணிலும் படவில்லை.

பிரெஞ்சுக்காரர்களும் சளைத்தவர்கள் அல்ல. 1890-களில் சைக்கிள் மோகம் வந்தபோது, சைக்கிளில் போகிறவர்களை நாய் துரத்தினால் எடுத்துச் சுட 'வெலோதோக்' என்று ஒரு சிறு ரிவால்வர் செய்தார்கள். வெலோ என்றால் பிரெஞ்சில் சைக்கிள். தோக் என்பது ஆங்கிலத்தில் நாயைக் குறிக்கும் சொல். பாரிஸ் நகரத்துக் கலாண் என்பவர் கொண்டுவந்தது. ஈயக் குண்டு போடப் பிடிக்காதவர்களுக்கு மிளகாய்த்தூள் அடைத்த தோட்டாவும் விற்றார்கள். நூற்று முப்பது வருஷம் கழித்து, ஹூஸ்டனில் என் மைத்துனரின் முதல் புகாரும் நாய்தான்! அதனால் அவரிடம் நான் சொன்ன முதல் வார்த்தை: "நாய்க்குப் பிஸ்டல் வேணாம் மச்சான், கைத்தடி ஒண்ணும் மிளகாய் ஸ்பிரே ஒண்ணும் போதும்." சிறிய மிளகாய் ஸ்பிரே வைத்திருக்க அந்த மாநிலத்தில் சட்டத் தடை இல்லை.

பிறகு 1906-இல் பெல்ஜியத்தின் எஃப்.என். தொழிற்சாலையிலிருந்து பிரவுனிங் வடிவமைத்த 6.35 மில்லிமீட்டர் பிஸ்டல் வந்தது. நீளம் பதினொன்றரை சென்டிமீட்டர் அளவு, எடை 370 கிராமுக்குள். கோட்டின் உள்சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம். உலகத்துச் சிறு பிஸ்டல்களில் பாதி அதைப் பார்த்துச் செய்தவை. 1914-இல் பிரான்சின் சேந்த்-எத்தியேன் நகரத்தில் 'லெ ஃப்ரான்செ' என்ற பிஸ்டல் வந்தது. அதுவும் 6.35 தான். ஆனால் அதில் ஒரு வித்தியாசம் இருந்தது.

அந்த வித்தியாசத்தை எனக்குக் காட்டியவர் ஒரு சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற நம் ஊர்க்காரர். 1980-களில் நான் லைசென்ஸ் பிரிவில் நாலு வருஷம் இருந்தேன். புதுப்பிக்க வரும்போது ஆயுதத்தையும் கொண்டுவந்து காட்ட வேண்டும். இவர் வெள்ளைக் கைக்குட்டையில் சுற்றிய லெ ஃப்ரான்செயை மேசைமேல் வைத்தார். அவருக்கு அப்போதே எழுபதுக்கு மேல் இருக்கும், விரல் மூட்டெல்லாம் வீங்கியிருந்தது. என்னிடம் பிரெஞ்சில்தான் பேசினார். நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மற்ற பிஸ்டல்களில் முதல் தோட்டாவைக் குழலுக்குள் ஏற்ற, மேலே இருக்கும் இரும்புக் கூட்டை, அதாவது ஸ்லைடை, பலமாகப் பின்னால் இழுக்க வேண்டும். இதில் பக்கத்தில் ஒரு சிறு நெம்பைத் தட்டினால் குழலின் பின்பக்கம் மேலே எழும்பும். தோட்டாவைக் கையாலேயே வைத்து மூடிவிடலாம். காலியாக இருக்கிறதா என்பதையும் கண்ணால் பார்த்துவிடலாம். "என் கைக்கு இனிமேல் இதுதான் ஆகும், முசியே" என்றார்.

நாற்பது வருஷத்துக்கு முன்னால் கேட்ட அந்த வார்த்தைதான் என் மைத்துனருக்கான பதிலின் அடிப்படை. அவர் பையை அளந்துகொண்டிருந்தார். நான் கையைப் பார்க்கச் சொன்னேன்.

சின்னதாக இருந்தால் சுலபமாக இருக்கும் என்பது எல்லாருடைய எண்ணம். துப்பாக்கியில் அது தலைகீழ். எடை குறையக் குறைய, சுடும்போது பின்னுதைப்பு கையில் அதிகமாகத் தெரியும். கனமான துப்பாக்கி அந்த உதையைத் தானே கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். லேசானது அப்படியே மணிக்கட்டுக்கு அனுப்பிவிடும். பிடி குட்டையாக இருப்பதால் இரண்டு விரல்தான் பிடிக்கும், சுண்டுவிரல் அந்தரத்தில் நிற்கும். ஸ்லைடு சிறியது என்பதால் பிடித்து இழுக்க இடம் குறைவு, உள்ளே ஸ்பிரிங் விறைப்பு. குறிபார்க்கும் முன்முனைக்கும் பின்முனைக்கும் இடையே தூரம் குறைவு. அங்கே மயிரிழை தவறினால் குறியில் அது சாண் அளவாகும். கண்புரை அறுவை செய்துகொண்ட நமக்கெல்லாம் இது விளங்கும். கூர்ந்து பார்க்க வேண்டிய பொருளைச் சின்னதாகச் செய்து கையில் கொடுத்தால் எப்படி இருக்கும்?

அவர் பெயர் சொன்னவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். கெல்-டெக் பி-32 என்று ஒன்று. காலியாக இருக்கும்போது 190 கிராம்கூட இல்லை, நம் பழைய கைப்பேசி எடை. அதைவிடப் பிரபலமானது ரூகர் எல்.சி.பி. 2008-இல் வந்தது, சுமார் 270 கிராம், .380 தோட்டா. வந்த அதே ஆண்டில், கீழே விழுந்தால் தானாக வெடிக்கக்கூடும் என்று விற்றவற்றை அந்தக் கம்பெனியே திரும்ப அழைத்துச் சரிசெய்து கொடுத்தது. பிறகு வந்தவை அப்படி அல்ல. இருந்தாலும் பழையதை யாரிடமாவது மலிவாக வாங்குகிறவர் இதை விசாரிக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

மூன்றாவது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் செய்யும் ஐந்து தோட்டா ரிவால்வர், 442, 642 என்று எண் போட்டு வருவது. எடை 400 கிராமை ஒட்டி. இதில் ஸ்லைடு இழுக்கும் வேலையே இல்லை, காலியா நிரம்பியா என்று உருளையைத் திறந்தால் தெரியும். பையில் சிக்கிக்கொள்ள வெளியே சுத்தியலும் நீட்டிக்கொண்டிருக்காது. ஆனால் விசையை அழுத்த விரலில் நல்ல பலம் வேண்டும். .38 தோட்டாவின் உதையும் அந்த லேசான ரிவால்வரில் கடுமை. நான்காவது, இத்தாலியின் பெரெட்டா கம்பெனியின் 21ஏ பாப்கேட். அந்த சொல்தா காட்டிய அதே ஏற்பாடு! நெம்பைத் தட்டினால் குழல் எழும்பும். .22 தோட்டாவில் வருவதால் உதையும் குறைவு. குறை என்னவென்றால் .22 தோட்டா பலம் குறைந்தது. அதோடு, நடுவில் மருந்துமூடி வைத்த தோட்டாக்களைவிட இந்த விளிம்புத் தோட்டாக்கள் வெடிக்காமல் ஏமாற்றுவது சற்று அதிகம். ஐந்தாவது, பைக்குக் கொஞ்சம் பெரியது: ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 2018-இல் கொண்டுவந்த ஷீல்டு இ.இசட். .380. அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். கை பலம் குறைந்தவர்கள் இழுப்பதற்காகவே ஸ்லைடை இலகுவாகச் செய்திருக்கிறார்கள்.

இத்தனையும் கேட்டுவிட்டு அவர், "அப்ப நல்லது பைல அடங்காது, பைல அடங்கறது நல்லா இல்ல, அப்படித்தானே மாமா?" என்றார். இன்ஜினியர் இல்லையா, ஒரே வரியில் முடித்துவிட்டார். அதுதான் உண்மை. ஆனால் இது கதையின் பாதிதான். மீதிப் பாதி அந்த 364 நாள்.

கால்சட்டைப் பையில் வெறுமனே துப்பாக்கியைப் போட்டுக்கொள்ளக் கூடாது. சாவி, சில்லறை, பேனா எது விசையில் மாட்டினாலும் ஆபத்து. விசையை முழுக்க மூடும் பை உறை வேண்டும். அந்தப் பையில் வேறு எதையும் போடக் கூடாது. கைக்குட்டைகூட ஆகாது. நம் வயசுக்காரர்கள் பையில் என்னென்ன வைத்திருக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். மாத்திரை டப்பா, சாவிக்கொத்து, மூக்குக்கண்ணாடி, மடித்த ரசீது. நாற்பது வருஷப் பழக்கத்தை அன்று முதல் அந்தக் கை மறக்க வேண்டும்.

அடுத்தது, எங்கும் கொண்டுபோக முடியாது. டெக்சாஸில் பள்ளிக் கட்டடத்துக்குள் கூடாது, நீதிமன்றத்துக்குள் கூடாது. விற்பனையில் பாதிக்கு மேல் மதுவில் வரும் கடைகளின் வாசலில் 51 சதவீதம் என்று சிவப்பில் பலகை இருக்கும், அங்கேயும் கூடாது. பேரனைக் கூப்பிட இவர் பள்ளிக்குள் போகும் நாளெல்லாம் பிஸ்டலைப் பையிலிருந்து எடுத்து காரில் பூட்டிவைத்து, வந்ததும் மறுபடி பையில் வைக்க வேண்டும். காரில் வைத்தால் கார்த் திருடனுக்கு லாபம். சுடுவதற்காக அல்லாமல் இப்படி எடுப்பதும் வைப்பதுமாக ஒரு நாளில் மூன்று நான்கு தடவை. ஒவ்வொரு தடவையும் கவனம் சிதறாமல் இருக்க வேண்டும். லைசென்ஸ் பிரிவில் இருந்தபோது விபத்து பற்றி என் மேசைக்கு வந்த அறிக்கைகளில் எதிரியைச் சுட்டது என்று ஒன்றுகூட இல்லை. துடைக்கும்போது வெடித்தது, எடுத்துவைக்கும்போது வெடித்தது, காலி என்று நினைத்தது வெடித்தது. இவைதான்.

வீட்டில் ஏழு வயதுப் பேரன். தாத்தாவின் கால்சட்டையைத் துழாவினால் மிட்டாய் கிடைக்கும் என்று பழகிய பிள்ளை. பதினேழு வயதுக்கு உட்பட்டவரின் கைக்கு எட்டும்படி, சுடத் தயாராக உள்ள துப்பாக்கியைக் கவனக்குறைவாக வைப்பது அந்த மாநிலத்தில் குற்றம். சட்டம் இருக்கட்டும். மத்தியானம் சாப்பிட்டுச் சாய்ந்து தூங்குகிற மனிதரின் பையில் அது இருக்கலாமா? கழற்றி வைத்தால் எங்கே வைப்பது? இரவில் எங்கே? இந்தக் கேள்விக்கு "அதெல்லாம் பாத்துக்கலாம்" என்பது பதில் அல்ல. சாவியோ எண்ணோ போட்டுத் திறக்கும் இரும்புப் பெட்டி, துப்பாக்கி வாங்குவதற்கு முந்தின நாளே வீட்டில் இருக்க வேண்டும்.

ஆகவே அவருக்கு நான் நாலு கேள்வி எழுதி அனுப்பினேன். ஒன்று, வீங்கிய விரலோடு, காலையில் எழுந்த கையோடு, ஸ்லைடைப் பத்துத் தடவை தொடர்ந்து இழுக்க முடிகிறதா? இரண்டு, கண்ணாடி இல்லாமல் குறிமுனை தெரிகிறதா? மூன்று, மாதம் ஒரு தடவையாவது பயிற்சி இடத்துக்குப் போய் ஐம்பது தோட்டா சுட மனம் வருமா? சின்னத் துப்பாக்கி கையை வலிக்கவைக்கும், வலிக்கிற பயிற்சிக்கு யாரும் மறுபடி போகமாட்டார்கள். நான்கு, கழற்றிய நேரத்தில் அது எங்கே பூட்டியிருக்கும்? நாலுக்கும் ஆம் என்றால் வாங்கட்டும். ஒன்றுக்கு இல்லை என்றாலும் மிளகாய் ஸ்பிரேயோடு நிற்கட்டும்.

அங்கே பயிற்சி இடங்களில் துப்பாக்கியை வாடகைக்குக் கொடுக்கிறார்கள். செருப்பைப் போட்டுப் பார்த்து வாங்குவதுபோல, சுட்டுப் பார்த்து வாங்கலாம். என் மைத்துனர் போனார். ரூகரின் ஸ்லைடை மூன்றாவது தடவைக்குமேல் இழுக்க முடியவில்லையாம். ஏழு தோட்டா சுட்டதும் கட்டைவிரல் அடியில் சிவந்துவிட்டது. பெரெட்டா கைக்கு வந்தது, ஆனால் குறி தெரியவில்லை. இ.இசட். பிஸ்டலில் ஐம்பதும் சுட்டார், பெரும்பாலும் தாளில் பட்டது, ஆனால் பையில் அடங்கவில்லை. கடைசியில் இரும்புப் பெட்டியும் ஸ்பிரேயும் வாங்கிவிட்டு, ஆறு வாரப் பயிற்சிக்குப் பணம் கட்டியிருக்கிறார். பிஸ்டலை அதற்குப் பிறகு முடிவு செய்வாராம். அந்த வரிசை எனக்குப் பிடித்திருக்கிறது.

நம் ஊரில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. செயின் பறிப்புச் செய்தி வரும்போதெல்லாம் யாராவது ஒருவர், நமக்கும் ஒரு சின்ன பிஸ்டல் இருந்தால் என்று சொல்வது காதில் விழுகிறது. இங்கே 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும், உயிருக்கு ஆபத்து என்பதைக் காட்ட வேண்டும், காவல் துறை விசாரணை உண்டு. 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் ஐந்து வருஷத்துக்குச் செல்லும். தேர்தல் வந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். 2014-இல் கான்பூர் அரசுத் தொழிற்சாலை பெண்களுக்கென்று 'நிர்பீக்' என்ற லேசான .32 ரிவால்வரைக் கொண்டுவந்தது. எடை அரைக் கிலோ, விலை ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல். அந்த விலை கொடுத்துக் கழுத்துச் சங்கிலியைக் காப்பதைவிட, சங்கிலியை வீட்டில் வைத்துவிட்டு நடக்கப் போவது மலிவு.

ஆயுதமே வேண்டாம் என்று உபதேசம் செய்ய நான் வரவில்லை. தனித்த பண்ணை வீட்டில் இருப்பவருக்கும், நகைக்கடைப் பணத்தைச் சுமப்பவருக்கும் லைசென்ஸ் கொடுக்கலாம் என்று குறிப்பு எழுதியவன்தான் நான். அவர்கள் துப்பாக்கியை ஒரு சுமையாக நினைத்தார்கள், அதனால் கவனமாக இருந்தார்கள். பையில் இருப்பதே தெரியாது, எடையே இல்லை என்று சொல்லி விற்பதுதான் எனக்குப் பயம். பையில் துப்பாக்கி இருப்பது, அது இருக்கும் ஒவ்வொரு நிமிஷமும் தெரிய வேண்டும். உங்கள் பிள்ளை தொலைபேசியில் இப்படி ஒன்று வாங்கப் போவதாகச் சொன்னால், எந்தக் கம்பெனி, என்ன விலை என்று கேட்காதீர்கள். ராத்திரி அதை எங்கே வைப்பாய் என்று கேளுங்கள். பதில் உடனே வந்தால் நிம்மதியாகத் தூங்கலாம்.